தையல் ரூமுக்குள்ள முடை வாடை – கொடைக்கானல் குளிருக்கு என்னதான் வழி?

மூஞ்சிக்கல் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொடைக்கானல், மூஞ்சிக்கல் பக்கம். வீட்டோட பின்னறையில 14 வருசமா தைக்கிறேன். பிளவுஸ், நைட்டி, ஸ்கூல் யூனிபார்ம், ஆல்ட்டர், இதான் வேலை. ரூம் பத்துக்கு எட்டு. கல்லுச் சுவர், வடக்குப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். உள்ள ஒரு மிதி மெஷின் (எங்க மாமியார் காலத்து உஷா), துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒண்ணு, மர பீரோ, அயர்ன் டேபிள்.

விசயம் இதுதான். ரூமைத் திறந்தாலே ஒரு வாடை. எலி செத்த வாடை இல்ல, சாக்கடை வாடையும் இல்ல. ஈரத்துணியைப் பக்கெட்டுல மறந்துட்டு மூணாம் நாள் எடுத்தா வருமே, அதோட பழைய எண்ணெய்ப் பலகார டப்பாவையும் சேர்த்துத் திறந்த மாதிரி. எனக்குப் பழகிப்போச்சு, உள்ள இருந்தா தெரியாது. போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் பட்டு பிளவுஸ் தைச்சுக் கொடுத்தேன். கையில வாங்கி மூக்குகிட்ட கொண்டுபோனா. ஒண்ணும் சொல்லல. "அக்கா, ஒரு நாள் வெயில்ல போட்டுக்கலாம்ல?"ன்னு மட்டும் கேட்டா. ஐப்பசியில எங்க இருந்து வெயில்? சூரியனைப் பார்க்கிறதுக்குன்னே 1899ல இங்க ஒரு ஆய்வுக்கூடம் வச்சாங்க. எனக்கு ஒரு பிளவுஸ் காயுற அளவுக்குக் கூட அது கண்ணுல படல.

நான் செஞ்சு பார்த்தது எல்லாம் சொல்லிடுறேன், திரும்ப அதையே சொல்லிடாதீங்க.

ஊதுபத்தி: அணைஞ்ச அரை மணி நேரத்துல பழைய வாடை திரும்பிருது. சாம்பிராணி: வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கும்முனு போட்டேன், வெள்ளை யூனிபார்ம் சட்டை ரெண்டு பழுப்பாகி, திரும்பத் துவைச்சுக் கொடுத்தேன். மல்லிகைப்பூ ஸ்பிரே: மல்லிப்பூவும் பூசணமும் சேர்ந்து வந்துச்சு, அதுக்குப் பழைய வாடையே தேவலை. யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சுல நனைச்சு பீரோவுக்குள்ள வச்சேன். பஞ்சு உருண்டு ஒரு லைனிங் துணி மேல விழுந்து வட்டமா கறை. அந்துருண்டை: தலைவலி.

வேற என்ன இருக்கு?

---

அண்ணா நகர் பொத்தான்:

சிஸ்டர், ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைங்க. காத்தோட்டம் இருந்தா எந்த வாடையும் நிக்காது. நான் சென்னையில அப்படித்தான் செய்றேன்.

---

மூஞ்சிக்கல் தையல்:

தம்பி, சென்னையில ஜன்னலைத் திறந்தா காத்து வரும். இங்க மத்தியானம் மூணு மணிக்குத் திறந்தா மேகம் வரும். நிஜமாவே வரும், மெஷின் மேல வந்து உக்காரும். நாள் முழுக்கத் திறந்து வச்சுத்தான் போன வருசம் ஊசி டப்பா மொத்தமும் துருப்பிடிச்சுச்சு.

---

கோத்தகிரி ஊசி:

தங்கச்சி, எனக்கு 61 வயசுங்க. கோத்தகிரியில 30 வருசத்துக்கு மேல தைச்சாச்சு. இப்பக் கண்ணு ஒத்துழைக்கறதில்ல, பேத்திகளுக்கு மட்டும் தைக்கறேன். ஊட்டி, கூடலூர்க்காரங்களுக்கு ஆடியில நனையும். உங்களுக்கும் எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் கொடுமை. அதனால உங்க வாடை எனக்கு இங்கிருந்தே தெரியுதுங்க.

முதல்ல ஒண்ணு செய்யுங்க. காலையில எந்திரிச்சதும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க. வெளிய ஒரு அரை மணி நேரம் நடந்துட்டு வந்து, நேரா உள்ள போய் ஒவ்வொண்ணா மோந்து பாருங்க. பீரோவைத் திறந்து ஒரு தரம், பீரோவுக்குப் பின்னாடி ஒரு தரம், மெஷின் டிராயர், வெட்டுத்துணி மூட்டை, அயர்ன் டேபிள் மேல விரிச்சிருக்கற கம்பளி, ரெக்சின் உறையோட உள்பக்கம். வெக்கப்படாம மூக்கை வச்சுப் பாருங்க. நீங்க ஒரே வாடைன்னு நினைக்கறது மூணு நாலு இடத்துல இருந்து வரும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. வாடை எங்கன்னு தெரியாம நீங்க போட்ட சாம்பிராணி, நோவு எங்கன்னு கேக்காம மாத்திரை கொடுத்த மாதிரிதான்.

அடுத்தது ஜன்னல். அந்தத் தம்பி சொன்னதும் தப்பில்ல, நீங்க சொல்றதும் தப்பில்ல. நேரம்தான் விசயம். மலையில காலையில பனி ஏறியிருக்கும், மூணு மணிக்கு மேல மஞ்சு இறங்கும். நடுவுல 11ல இருந்து 2 வரைக்கும் ஒரு இடைவெளி கிடைக்கும் பாருங்க, அப்ப ஜன்னலையும் கதவையும் எதிரெதிரா திறந்து விடுங்க. மஞ்சு எதிர்வீட்டு ஓட்டைத் தொடுறதுக்கு முன்னாடி சாத்திடணும். மழை நாள்ல திறக்கவே வேண்டாம். 400, 500 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டற சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்குது, என் மருமகன் வாங்கிக் கொடுத்தார். எழுபதுக்கு மேல நாள் கணக்குல நின்னா பூஞ்சை கிளம்பிடுமுங்க. அறுபதுக்குக் கீழ வச்சுட்டா அது தூங்கிடும்.

பீரோ சுவரை ஒட்டி இருக்குதா? இருக்கும். கல்லுச் சுவர் ராத்திரியில சில்லுனு ஆயிடும், ரூம் காத்து அதுல பட்டா அந்த இடத்துல மட்டும் ஈரம் கூடி வேர்க்கும். காத்து போக வழியில்லாததால காயாது. நாலு விரல் இடம் விட்டு நகத்துங்க, காலுக்கு அடியில செங்கல் கொடுங்க. என் பீரோவை நகத்துனப்ப பின்பலகையில கருப்பா மேப்படம் மாதிரி படர்ந்திருந்துச்சு. வெள்ளை வினிகரைத் துணியில தொட்டுத் துடைச்சு, காயவச்சு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தரம் துடைச்சேன். சுவருக்குப் பிளீச்சிங் பவுடர் போடறதா இருந்தா அதைத் தனியா இன்னொரு நாள் வச்சுக்கங்க. ரெண்டையும் கலந்தா நெஞ்சை அடைக்கற வாயு வரும்.

இப்ப முக்கியமானது, அயர்ன். தையல்காரிகிட்ட இருக்கற நல்ல காயவைக்கற மெஷின் அதுதான், ஆனா நாமளே அதைத் தப்பா பயன்படுத்தறோம். சூடா அயர்ன் பண்ணி அப்படியே மடிச்சுக் கவர்ல போட்டுடறோம். துணியில இருந்து கிளம்பின ஆவி கவருக்குள்ளயே நின்னுடுது. அந்தக் கல்யாணப் பொண்ணு மோந்து பார்த்தது அதுவாத்தான் இருக்கும். தண்ணி தெளிக்காம அயர்ன் பண்ணி, ஹேங்கர்ல ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, முழுசா ஆறுன பின்னால மடிங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டித் துணியில பை தைச்சுக்கங்க. பருத்தி இருக்கே, பார்க்கக் காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா சாதாரண ஈரப்பதத்துலயே 100 கிலோவுக்கு 8 கிலோ தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். கம்பளி அதைப் போல ரெண்டு பங்கு. பாலியஸ்டர் அரைக் கிலோ கூட வாங்காது. என்கிட்ட ஒரு தோடர் பூவேலை சால்வை இருக்குது, வெள்ளைப் பருத்தியில செவப்பும் கருப்பும் நூல். 2013ல புவிசார் குறியீடெல்லாம் வாங்கின வேலைப்பாடுங்க. அதைப் பத்திரமா வைக்கறேன்னு பாலித்தீன் கவர்ல கட்டி வச்சு, எடுக்கறப்ப மடிப்பெல்லாம் புள்ளி புள்ளியா நின்னுச்சு. பத்திரம்னு நான் செஞ்சதுதான் அதைக் கெடுத்துச்சு.

கரி: மண்சட்டியில அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டு பீரோ கீழ்த்தட்டுல வைக்கறேன். மாசம் ஒரு தரம் வெயில் கண்டா காயப்போட்டு எடுப்பேன். வாடையை நல்லா வாங்கும். ஆனா ஈரத்துக்கு அது பத்தாது, ஒரு ரூமையே கரி காயவச்சுடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கை வலிக்குது. மிச்சம் அப்புறம்.

---

வத்தலக்குண்டு மெஷின் ரிப்பேர்:

அக்கா, நான் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். மாசம் ரெண்டு தடவை மலைக்கு வந்து போறேன். உங்க பதிவுல "பழைய எண்ணெய்ப் பலகார டப்பா"ன்னு எழுதியிருக்கீங்கள்ல, அதுலதான் எனக்குச் சந்தேகம். ஒரே ஒரு கேள்வி. மெஷினுக்கு என்ன எண்ணெய் விடுறீங்க?

---

மூஞ்சிக்கல் தையல்:

எழுதவே சங்கடமா இருக்கு. மெஷின் எண்ணெய்தான் வாங்குவேன். ஆனா அது தீர்ந்துபோனா கடைக்கு ஏறிப் போக அலுத்துக்கிட்டு, தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுவேன். மாமியார் அப்படித்தான் விடுவாங்க. அவங்க பிழைப்பு நல்லாத்தானே ஓடுச்சு?

---

வத்தலக்குண்டு மெஷின் ரிப்பேர்:

அதான் அக்கா. உங்க மாமியார் வருசத்துல பாதி நாள் மெஷினை வெயில்ல வச்சுத் தைச்சிருப்பாங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சு போகும். கொடைக்கானல்ல வருசம் பூராவும் அது கட்டிதான். சாப்பிடுற எண்ணெய் எதுவானாலும் காத்துப் பட்டா காறும், பிசின் ஆகும். அதோட நூல் தூசி சேர்ந்து துணியை நகத்துற பல்லுக்கு அடியில கம்பளம் மாதிரி படிஞ்சிருக்கும். மெஷின் எண்ணெய் பெட்ரோலிய எண்ணெய், அது காறாது.

செய்ய வேண்டியது: ஊசியைக் கழட்டுங்க, ஊசித் தகட்டோட ரெண்டு திருகையும் கழட்டுங்க, அடிநூல் இருக்கிற பாபின் கேஸை வெளிய எடுங்க. பல்லு இடுக்குல இருக்கிற பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால எடுங்க. கட்டியா இருந்தா ஹேர் டிரையர் ரெண்டு நிமிசம் காட்டுங்க, இளகிடும். பழைய பல் விளக்குற பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சு, எண்ணெய் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோர்க்காம அஞ்சு நிமிசம் மிதிங்க. கருப்பா வழியும், துடைச்சு எடுங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு, காலையில மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. அப்புறம் பழைய துணியில ஒரு முழம் தைச்சுப் பார்க்காம, கஸ்டமர் துணியைத் தொடாதீங்க. மண்ணெண்ணெய் இருக்கிற வரைக்கும் ஊதுபத்தி, அயர்ன் எதுவும் பக்கத்துல வேண்டாம். ஓவர்லாக்குக்குள்ள நீங்க கை வைக்காதீங்க, நான் வர்றப்ப பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு. மிதி மெஷினோட பெல்ட் தோல் வார்தானே? மோந்து பாருங்க. தோலும் பூஞ்சை பூக்கும். புதுசு போடுங்க, பெரிய செலவில்ல.

---

பூம்பாறை தோட்டம்:

நான் தையல்காரன் இல்ல, வீட்டுக்காரம்மா தைக்கிறாங்க. எங்க வீட்டுல வந்த பிரச்சனையே வேற. மலைப்பூண்டு அறுத்தா கட்டுக் கட்டா பரண்ல தொங்கவிட்டுப் புகை போடுவோம். பரணுக்குக் கீழதான் மெஷின். ஊர்ல ஒருத்தருக்கும் அந்த வாடை தெரியல, எல்லா வீட்டுலயும் அதே வாடைதானே. திண்டுக்கல்ல படிக்கிற பேத்தி யூனிபார்ம்ல பூண்டுப் புகை அடிக்குதுன்னு கிளாஸ்ல கேலி பண்ணப்பதான் எங்களுக்கே உறைச்சுச்சு. இப்ப மெஷின் முன்திண்ணைக்கு வந்துருச்சு. பூண்டை நகத்த முடியாதுல்ல.

---

குன்னூர் மழை:

ரெண்டே விசயம். அந்துருண்டை எனக்கும் தலைவலிதான். தலைவலி மட்டும்னா பரவாயில்ல. வீட்டுல கைக்குழந்தை இருந்தா அதை வைக்கவே கூடாதுன்னு எங்க டாக்டர் சொன்னாங்க. ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு பிறவியிலயே சில குழந்தைங்களுக்கு இருக்குமாம். அந்துருண்டை வச்ச துணியைப் போர்த்துனாலே அவங்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரலாம். நீங்க கைக்குழந்தைச் சட்டையும் தைக்கிறவங்களா இருந்தா அந்தப் பீரோவுல வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான், குழந்தை கைக்கு எட்டினா குடிச்சிடும், கொஞ்சம் உள்ள போனாலே ஆபத்து.

இன்னொண்ணு, ரூம் காயட்டும்னு கும்முட்டி அடுப்புல கரி போட்டு உள்ள வச்சுக் கதவைச் சாத்துறவங்க எங்க பக்கம் இன்னும் இருக்காங்க. கரிப்புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. வாடையைப் பத்திப் பேசுற இடத்துல வாடை இல்லாததையும் சொல்லிடணும்னு தோணுச்சு.

---

கோத்தகிரி ஊசி:

குன்னூர்க்காரங்க சொன்னது சரிங்க. அந்துருண்டைக்குப் பதிலா நான் வசம்பு வைக்கறேன். ஒண்ணு ரெண்டா தட்டி, மெல்லிசு காடாத் துணியில முடிச்சுப் போட்டு மூலைக்கு ஒண்ணு. ஏடு, பட்டு எல்லாத்துக்கும் பெரியவங்க வச்சதுதான். வெட்டிவேர் வச்சா வாசனை நல்லா இருக்கும், ஆனா மலையில அதுவே ஈரம் வாங்கிப் பூத்துடும், மாசம் ஒரு தரம் மாத்தணும். என் பாட்டி கீழ இருந்தப்ப பட்டுக்கு நடுவுல தாழம்பூ வைப்பாங்க. இங்க அது வேண்டாம், பச்சைப் பூவோட ஈரமே போதும்.

ஜெரேனியம் இலை கிடைச்சா பறிச்சு, நிழல்ல சருகாகற வரைக்கும் காயவச்சுப் போடுங்க. கசக்குனா ரோஜா மாதிரி வாசம். நீலகிரியிலயும் உங்க கொடைக்கானல் பக்கமும் தைலம் எடுக்கறதுக்குன்னே அதை விளைவிச்சிருக்காங்க. ஆனா தங்கச்சி, இதெல்லாம் கடைசியில. முதல்ல வாடை போகட்டும், அப்புறம் வாசனை.

கஞ்சி போட்ட புதுத்துணியை வாங்குன அன்னைக்கே அலசிக் காயப்போடுங்க. கஞ்சி பூஞ்சைக்கும் சாப்பாடு, ராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு.

---

மூஞ்சிக்கல் தையல்:

(அஞ்சு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் பதில் சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கங்க, கிறிஸ்மஸ் துணி.

கோத்தகிரி அக்கா சொன்ன மாதிரி விடியக்காலையில லேக் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்து மோந்து பார்த்தேன். வீட்டுக்காரர் வாசல்ல நின்னு சிரிச்சார். சிரிக்கட்டும். வாடை அடிச்ச இடம் நாலு: மெஷின், பீரோ முதுகு, வெட்டுத்துணி மூட்டை, அப்புறம் நான் நினைச்சே பார்க்காதது, ஆல்ட்டருக்கு வந்த துணி. துவைக்காம கொண்டுவந்து கொடுப்பாங்க. பாலியஸ்டர் சுடிதார்ல வேர்வை எண்ணெய் இறங்குனா லேசுல போகாது. பத்து நாள் என் அலமாரியில கிடந்து, பக்கத்துல இருக்கிற புதுத்துணிக்கும் பூசிட்டுப் போகும். இப்ப வாசல்லயே கூடை. "துவைச்சுக் கொண்டுவாங்கம்மா"ன்னு முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதனால துவைச்சு வந்தா 10 ரூபாய் கம்மின்னு எழுதி ஒட்டிட்டேன். கூச்சம் 10 ரூபாயில தீர்ந்துச்சு.

மெஷினுக்குள்ள இருந்து எடுத்ததை இங்க விவரிக்க மாட்டேன், சாப்பிடுற நேரத்துல யாராவது படிப்பீங்க. மஞ்சளா, மெழுகு மாதிரி, ஒரு நெல்லிக்காய் அளவு. மண்ணெண்ணெய்க்கு அலைஞ்சதுதான் பெரிய கதை, பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ஒரு பாட்டில் பழசு இருந்துச்சு. மிதி இப்பக் கால் வச்சாலே ஓடுது. 14 வருசம் நான் முழங்கால் வலின்னு நினைச்சதுல பாதி தேங்காய் எண்ணெய்.

வெட்டுத்துணி மூட்டையில பாதிக்கு மேல அடியில ஈரமா ஒட்டிக்கிடந்துச்சு, தூக்கிப் போட்டேன். மனசு வரல, நல்ல சின்னாளப்பட்டி சுங்குடித் துண்டுகளும் அதுல போச்சு. மிச்சத்தை அலசி, காயவச்சு, வசம்பு முடிச்சுக்கு எடுத்து வச்சிருக்கேன்.

மீட்டர் வாங்கினேன். முதல் நாள் மத்தியானம் 86. இப்ப 12 மணிக்குத் திறந்து ரெண்டுக்குச் சாத்தினா 60, 63ல நிக்குது. மழை நாள்ல 75க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. அதுக்கு மட்டும் இன்னும் வழி தெரியல. சூப்பர் மார்க்கெட்ல விக்குற, தண்ணி உறிஞ்சுற டப்பாவை யாராவது வச்சிருக்கீங்களா? பீரோவுக்குள்ள வைக்கலாமா?

---

குன்னூர் மழை:

வைக்கலாம், பீரோ மாதிரி மூடின இடத்துக்கு நல்லாவே வேலை செய்யும், ரூமுக்குப் பத்தாது. உள்ள இருக்கிறது கால்சியம் குளோரைடு. உறிஞ்சின தண்ணி கீழ் டப்பாவுல சேரும், அது துணியில கொட்டினா லேசுல காயாது, ஊசி மேல பட்டா துரு. கீழ்த்தட்டுல, சாயாத இடமா பார்த்து வைங்க. நிறைஞ்சதும் சாக்கடையில ஊத்திருங்க.

---

பூம்பாறை தோட்டம்:

அம்மா, வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு, மூணு மாசம் தைக்கக் கூடாதாம். பேத்திக்குப் பொங்கலுக்குப் பாவாடை சட்டை வேணும். ஞாயித்துக்கிழமை துணி கொண்டுவரலாமா? பூண்டு வாடை இல்லாம கொண்டுவர்றேன்.

---

மூஞ்சிக்கல் தையல்:

வாங்கய்யா. 12 மணிக்கு மேல வாங்க, ஜன்னல் திறந்திருக்கும். வர்றப்ப ரெண்டு கிலோ பூண்டும் கொண்டுவாங்க, அது அடுப்படிக்கு.